செல்ஃப் "டக்" என்கிறது, வண்டி எடுக்கவில்லை: பேட்டரி, செல்ஃப் மோட்டார் இரண்டும் பார்த்தாயிற்று

முத்துநகர் | சனி, இரவு 9.20

வணக்கம். தூத்துக்குடியில் இருந்து எழுதுகிறேன். இரண்டு மாதமாக இந்த வண்டியோடு மல்லுக்கட்டுகிறேன். 2012 மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல், சாதா கியர் வண்டி. 86,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அப்பா ஆசையாக வாங்கியது, அதனால் விற்கவும் மனசில்லை.

சாவியைத் திருப்பினால் முன்பக்கம் "டக்" என்று ஒரே ஒரு சத்தம். அவ்வளவுதான், இன்ஜின் சுற்றுவதில்லை. நாலைந்து தடவை திருப்பினால் ஏதோ ஒரு தடவை இழுத்து இழுத்துச் சுற்றி எடுத்துவிடும். சில நாள் அதுவும் கிடையாது. தள்ளிவிட்டால் இரண்டாவது கியரில் உடனே பிடித்துக்கொள்கிறது. அப்புறம் ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை.

இதுவரை செய்தது: முதலில் பேட்டரி மாற்றினேன், 5,200 ரூபாய். பழையது நாலு வருடம் உழைத்தது, அதனால் வருத்தமில்லை. இரண்டு நாள் ஜோராக எடுத்தது, மூன்றாம் நாள் பழைய கதை. அப்புறம் இன்ஜினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டாரைக் கழற்றி கார்பன் பிரஷ், புஷ் எல்லாம் மாற்றினார்கள், 2,800 ரூபாய். ஒரு வாரம் நன்றாக இருந்தது, திரும்பவும் "டக்". இப்போது இக்னிஷன் ஸ்விட்ச் மாற்றிப் பார்க்கலாம், அதற்கும் கேட்கவில்லை என்றால் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியூதான் என்கிறார்கள். மொத்தம் 18,000 ஆகும் என்று கணக்குச் சொல்லியிருக்கிறார்கள். கிளட்ச் வேறு ஒரு மாதமாகக் கனமாக இருக்கிறது, அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அம்மாவுக்குத் திங்களும் வியாழனும் டயாலிசிஸ். காலை ஐந்தரைக்குக் கிளம்பியாக வேண்டும். போன வியாழன் பக்கத்து வீட்டுப் பையன்கள் இரண்டு பேர் தூக்கத்திலிருந்து எழுந்து வந்து தள்ளினார்கள். அம்மா பின் சீட்டில் இருந்துகொண்டு, "நான் வேணா இறங்கிக்கிடவா, கனம் குறையும்லா" என்று கேட்டார். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. 18,000 கொடுக்கும் முன்னால் யாராவது வழி சொல்லுங்கள்.

நெல்லை_டாக்ஸி | சனி, இரவு 9.48

அண்ணாச்சி, பேட்டரி டெர்மினலைச் சுத்தம் பண்ணிப் பார்த்தீர்களா? உப்பு பூத்திருந்தால் இப்படித்தான் "டக்" என்று நிற்கும். வெந்நீரில் சமையல் சோடா கலந்து ஊற்றித் துடைத்தால் எல்லாம் போய்விடும்.

முத்துநகர் | சனி, இரவு 9.55

பேட்டரி புதிதாகப் போட்டபோதே டெர்மினலை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத்தான் மாட்டினார்கள். இப்போதும் பளபளவென்று இருக்கிறது.

வேகம்_98 | சனி, இரவு 10.10

ஸ்டார்ட்டரில் (அதான் செல்ஃப் மோட்டார்) இருக்கும் இரண்டு பெரிய போல்ட்டையும் ஒரு ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் பண்ணுங்க. சுத்தினா சொலினாய்டு (மோட்டாருக்குக் கரண்ட் விடுற காந்த ஸ்விட்ச்) போச்சு. சுத்தலைனா மோட்டார் போச்சு. ரெண்டு நிமிஷ வேலை.

பழைய_ஸ்பேனர் | சனி, இரவு 10.31

தம்பி வேகம், அதை மட்டும் யாருக்கும் சொல்லாதீர்கள். நான் கோவையில் 31 வருடம் ஆட்டோ எலெக்ட்ரீஷியனாக இருந்தவன். அந்த ஸ்க்ரூடிரைவரில் பாயும் கரண்ட் நூறு ஆம்பியருக்கு மேலே. நுனி உருகிக் கையில் தெறிக்கும். சொலினாய்டின் சின்ன முனையில் பட்டு, வண்டி கியரில் நின்றிருந்தால் முன்னால் குனிந்திருப்பவர் மேலேயே ஏறிவிடும். என் பட்டறைக்கு எதிரிலேயே ஒருவருக்குக் கால் முறிந்ததைப் பார்த்திருக்கிறேன். அதுவும் போக, அந்தச் சோதனையில் பாதி விஷயம்தான் தெரியும்.

முத்துநகர் தம்பி, நீங்கள் நன்றாக விவரம் எழுதியிருக்கிறீர்கள். "ஸ்டார்ட் ஆகவில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு வருபவர்கள்தான் அதிகம். அதில் மூன்று வேறு வேறு நோய் இருக்கிறது. சாவி போட்டால் சத்தமே இல்லை என்பது ஒன்று. "டக்" என்றோ "டக டக டக" என்றோ சத்தம் வந்தும் இன்ஜின் சுற்றவில்லை என்பது இன்னொன்று. இன்ஜின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பற்றவில்லை என்பது மூன்றாவது. மூன்றாவதில்தான் பெட்ரோல், பிளக், சென்சார் எல்லாம் வரும். உங்களுக்கு இரண்டாவது. அதனால் ஈசியூ பக்கம் இப்போதைக்குப் போகவே வேண்டாம். "டக்" என்று சத்தம் வருகிறது என்றால் சாவியிலிருந்து சொலினாய்டு வரை உத்தரவு போய்ச் சேர்ந்துவிட்டது. ஸ்விட்ச் தன் வேலையைச் செய்துவிட்டது. அதற்கு அப்புறம் மோட்டாருக்குப் பெரிய கரண்ட் போகவில்லை.

"டக டக டக" என்று வேகமாக அடித்தால் பெரும்பாலும் பேட்டரி இறங்கியிருக்கும். ஒரே "டக்" என்றால் பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவில் எங்கோ தடை, இல்லையென்றால் சொலினாய்டுக்குள் இருக்கும் செம்புத் தகடு தீய்ந்திருக்கும்.

ஒன்று மட்டும் இப்போதே செய்யுங்கள். ஹெட்லைட்டைப் போட்டு, சுவரைப் பார்த்து வண்டி நிற்கும்படி வைத்து, சாவியைத் திருப்புங்கள். "டக்" என்னும்போது வெளிச்சம் என்ன ஆகிறது? அணைந்தே போகிறதா, லேசாக மங்குகிறதா, அப்படியே இருக்கிறதா? அதைச் சொல்லுங்கள்.

முத்துநகர் | சனி, இரவு 10.52

பார்த்துவிட்டு வந்தேன் அண்ணா. லேசாகத்தான் மங்குகிறது. மீட்டர் போர்டு விளக்குகளும் நன்றாகவே எரிகின்றன.

பழைய_ஸ்பேனர் | சனி, இரவு 11.05

நல்ல செய்தி. பேட்டரி செத்திருந்தாலோ பேட்டரி கிளாம்ப் பிடிக்காமல் இருந்தாலோ ஹெட்லைட்டும் சேர்ந்து படுத்திருக்கும். ஹெட்லைட்டுக்கு எர்த், அதாவது கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி, வண்டியின் பாடியிலிருந்து வருகிறது. செல்ஃப் மோட்டாருக்கு எர்த் இன்ஜினிலிருந்து. இன்ஜின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது, ரப்பரில் கரண்ட் போகாது. அதனால் பேட்டரி நெகட்டிவிலிருந்து ஒரு கேபிள் பாடிக்கும், இன்னொன்று இன்ஜினுக்கோ கியர்பாக்ஸுக்கோ போகும். இந்த இரண்டாவதுதான் என் சந்தேகம்.

ஏன் தெரியுமா? நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி. "கிளட்ச் வேறு ஒரு மாதமாகக் கனமாக இருக்கிறது." உங்கள் வண்டியில் கிளட்ச் கேபிளா, ஆயிலா?

முத்துநகர் | சனி, இரவு 11.09

கேபிள்தான் அண்ணா. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பழைய_ஸ்பேனர் | சனி, இரவு 11.34

சம்பந்தம் இருக்கிறது. இன்ஜின் எர்த் கேபிள் கெட்டுப்போனால், அந்தக் கரண்ட் பாடிக்குத் திரும்ப வேறு வழி தேடும். இன்ஜினையும் பாடியையும் தொட்டுக்கொண்டிருக்கும் இரும்பு எது? கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள், கியர் கேபிள். நூறு ஆம்பியர் போக வேண்டிய வேலையை ஒரு மெல்லிய கம்பி செய்தால் என்ன ஆகும்? சூடாகும். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உறை இளகி ஒட்டிக்கொள்ளும். அப்புறம் கிளட்ச் கனக்கும். என் பட்டறையில் ஒரு வண்டிக்குக் கிளட்ச் கேபிளை மூன்று தடவை மாற்றிய பிறகுதான் எர்த்தைப் பார்த்தோம். அது என்னுடைய தவறு, இன்றைக்கும் மறக்கவில்லை.

நாளைக் காலையில் நாலைந்து தடவை "டக்" வரவழைத்துவிட்டு, கிளட்ச் கேபிளின் மேலுறையைக் கியர்பாக்ஸ் பக்கம் தொட்டுப் பாருங்கள். இன்ஜின் ஆறியிருக்கும்போது செய்ய வேண்டும், அப்போதுதான் வித்தியாசம் தெரியும். மெதுவாகத் தொடுங்கள், சுட்டுவிடலாம்.

முத்துநகர் | ஞாயிறு, காலை 6.40

அண்ணா, கேபிள் சுடுகிறது! இராத்திரி முழுக்க நின்ற வண்டி. இன்ஜின் மேலே கை வைத்தால் ஜில்லென்று இருக்கிறது. கிளட்ச் கேபிள் மட்டும் டீ டம்ளர் மாதிரி சுடுகிறது. ஆறு தடவை சாவி திருப்பினேன், அவ்வளவுதான்.

ஆனால் ஒரு குழப்பம். போன மாதமே எர்த் கேபிளைச் சோதித்ததாகச் சொன்னார்கள். மல்டிமீட்டரில் "பீப்" வந்ததை நானே காதால் கேட்டேன்.

மீட்டர்_டீச்சர் | ஞாயிறு, காலை 7.15

வணக்கம். நான் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் லேப் எடுக்கிறேன். அந்த "பீப்" பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் என் மாணவர்கள் எல்லோரும் முதல் செமஸ்டரில் செய்யும் தவறு இது.

மல்டிமீட்டர் "பீப்" அடிக்கும்போது வயரில் அது அனுப்பும் கரண்ட் ஒரு ஆம்பியரில் ஆயிரத்தில் சில பங்குதான். அந்தக் கேபிளில் ஐம்பது இழை அறுந்து ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் அந்தத் துளி கரண்ட் தாராளமாகப் போகும், "பீப்" வரும். ஓம் ஸ்கேலில் வைத்து அளந்தாலும் பயனில்லை. மீட்டரின் சொந்த வயர்களுக்கே 0.2 ஓம் அளவுக்குத் தடை இருக்கும். நாம் தேடுவது 0.04 ஓம். சாக்கு எடை போடும் தராசில் கடுகை நிறுத்த முடியாது அல்லவா?

ஆனால் அந்த 0.04 ஓமில் 120 ஆம்பியர் போனால் கணக்கு என்ன? 0.04 × 120 = 4.8 வோல்ட். பேட்டரியின் 12 வோல்ட்டில் கிட்டத்தட்ட 5 அங்கேயே தின்னப்பட்டுவிடும். ஆகவே வேலை செய்யும்போதே அளக்க வேண்டும், சும்மா நிற்கும்போது இல்லை. இதை வோல்டேஜ் டிராப் சோதனை என்போம். 300 ரூபாய் மீட்டரே போதும்.

செய்முறை: வண்டி நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் இழுத்திருக்க வேண்டும். மீட்டர் டிசி 20 வோல்ட்டில். ஆம்பியர் துளையில் வயரைச் சொருகியபடி பேட்டரியில் வைக்காதீர்கள், மீட்டரின் ஃபியூஸோ மீட்டரோ போய்விடும். வீட்டில் யாரையாவது சாவி திருப்பச் சொல்லுங்கள். அவர் சாவியைப் பிடித்திருக்கும்போது நீங்கள் படிக்க வேண்டும். ஃபேன், பெல்ட் பக்கம் கை, துண்டு, தாவணி எதுவும் போகக் கூடாது.

மூன்று அளவு வேண்டும். பேட்டரியின் இரண்டு முனைக்கு நடுவில் ஒன்று. பேட்டரி பாசிட்டிவுக்கும் செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட்டுக்கும் நடுவில் ஒன்று. பேட்டரி நெகட்டிவுக்கும் இன்ஜினின் வெறும் உலோகத்துக்கும் நடுவில் ஒன்று. மீட்டர் முனையைக் கிளாம்ப் மேலே வைக்காமல் பேட்டரியின் ஈயக் கட்டையிலேயே குத்தி வையுங்கள். கிளாம்புக்கும் கட்டைக்கும் நடுவில் கோளாறு இருந்தால் அதுவும் அப்போதுதான் தெரியும்.

பழைய_ஸ்பேனர் | ஞாயிறு, காலை 7.28

டீச்சர் சொன்னது அத்தனையும் சரி. எனக்கு யாரும் இவ்வளவு தெளிவாகச் சொல்லிக்கொடுக்கவில்லை, பதினைந்து வருடம் பட்டறையில் அடிபட்டுத்தான் கற்றேன். தம்பி, பாசிட்டிவ் பக்கம் அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். எர்த் பக்கம் 0.2, அதிகம் போனால் 0.3.

முத்துநகர் | ஞாயிறு, காலை 9.02

தங்கச்சி மகன் சாவியைத் திருப்பினான், நான் படித்தேன். இரண்டு இரண்டு தடவை எடுத்தேன்.

சும்மா நிற்கும்போது பேட்டரி 12.6.
சாவி திருப்பும்போது பேட்டரி 11.4.
பாசிட்டிவ் பக்கம் 0.3.
எர்த் பக்கம் 4.6.

மீட்டர்_டீச்சர் | ஞாயிறு, காலை 9.10

அப்படியானால் 11.4-இல் 0.3-ஐயும் 4.6-ஐயும் கழியுங்கள். உங்கள் செல்ஃப் மோட்டாருக்குக் கிடைத்தது 6.5 வோல்ட். பாவம், பாதிச் சாப்பாட்டில் அது எப்படி இன்ஜினைச் சுற்றும்? பேட்டரியும் மோட்டாரும் நிரபராதிகள்.

நெல்லை_டாக்ஸி | ஞாயிறு, காலை 9.25

அண்ணாச்சி, நாளைக்குத் திங்கள் அல்லவா? புதுக் கேபிள் இன்றைக்குக் கிடைக்காது, ஞாயிற்றுக்கிழமை கடை இருக்காது. ஜம்பர் கேபிள் வைத்திருக்கிறீர்களா? அதில் கருப்பு வயரை மட்டும் எடுத்து, ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை இன்ஜினைத் தூக்குவதற்கு இருக்கும் இரும்புக் கொக்கியிலும் கடிக்க விட்டு ஸ்டார்ட் பண்ணுங்கள். எர்த்தான் கோளாறு என்றால் பொட்டென்று எடுக்கும். எடுத்ததும் கழற்றி டிக்கியில் போட்டுக்கொள்ளலாம். நான் ஒரு தடவை குற்றாலம் சவாரியில் இப்படியே இரண்டு நாள் ஓட்டினேன்.

முத்துநகர் | ஞாயிறு, காலை 9.51

எடுத்துவிட்டது!! சாவியைத் தொட்டதுமே எடுத்துவிட்டது. இரண்டு மாதமாக இப்படி ஒரு சத்தத்தைக் கேட்கவில்லை. அணைத்து அணைத்து ஐந்து தடவை போட்டேன், ஐந்து தடவையும் எடுத்தது. அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்து, "தள்ளாம எடுத்துட்டாக்கும்?" என்றார்.

பனிக்காலம் | ஞாயிறு, காலை 10.20

சந்தோசம். நான் யாழ்ப்பாணத்து ஆள், இப்ப றொரன்ரோவில் இருக்கிறேன். இங்கே மைனஸ் 25 வரைக்கும் போற நாட்களில் கன பேருடைய வாகனம் காலையில் ஸ்ரார்ட் ஆகாது. எங்களுக்குப் பற்றரியில் பார்க்க வேண்டியது குளிரில் ஸ்ரார்ட் பண்ணுற ஆம்பியர். மைனஸ் 18 பாகையில் 30 விநாடிக்கு 7.2 வோல்ட்டுக்குக் கீழே இறங்காமல் எவ்வளவு ஆம்பியர் தரும் என்பதுதான் அந்த எண். ஆனால் இங்கே கராஜ்காரர் ஒருவர் எனக்குச் சொன்னது மனதில் நிற்கிறது: பற்றரியைப் பழுதாக்குறது கோடை வெயில், குளிர் அதைக் காட்டிக்கொடுக்குறது மட்டும்தான். அங்கத்தைய வெக்கைக்கு நாலு வருசம் உழைத்த உங்கள் பழைய பற்றரி நல்ல பற்றரி.

ஜம்பர் கேபிள் பற்றிக் கதை வந்தபடியால் ஒன்று சொல்லுறேன். வேறொரு வாகனத்திலிருந்து கரண்ட் எடுக்கும்போது சிவப்பைச் செத்த பற்றரியின் பிளஸ்ஸில் முதலில், பிறகு நல்ல பற்றரியின் பிளஸ்ஸில். கருப்பை நல்ல பற்றரியின் மைனஸில், கடைசி முனையைச் செத்த வாகனத்தின் இன்ஜின் இரும்பில், பற்றரிக்குத் தள்ளி. கடைசியாகக் கொழுவுற இடத்தில் பொறி பறக்கும். பற்றரிக்குப் பக்கத்தில் ஹைட்ரஜன் வாயு நிற்கலாம், அது வெடிக்கும். பிளஸ் மைனஸ் மாறிக் கொழுவினால் பற்றரியைச் சார்ஜ் பண்ணுற ஆல்டர்னேற்றரின் டயோட் எரிந்துபோகும். இதை வடிவாகப் பழகி வைத்திருங்கோ.

ஆவடி_வண்டி | ஞாயிறு, பகல் 12.05

நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் வண்டி நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பற்றுவதில்லை. அதுவும் வெயிலில் ஒரு மணி நேரம் ஓட்டி, நிறுத்தி, பெட்ரோல் போட்டுவிட்டு எடுத்தால்தான் இந்தத் தொல்லை. அரை மணி நேரம் விட்டால் ஒன்றுமே நடக்காதது போல எடுத்துவிடுகிறது. காலையில் ஒரு நாளும் பிரச்சினை இல்லை. இதற்கும் எர்த்தா?

பழைய_ஸ்பேனர் | ஞாயிறு, பகல் 12.40

இல்லை, இது மூன்றாவது நோய். சூட்டில் நின்று, ஆறினால் எடுக்கிறது என்றால் என் முதல் சந்தேகம் கிராங்க் சென்சார். இன்ஜின் சுற்றுகிறது என்று ஈசியூவுக்குச் சொல்வது அதுதான். அது வாய் திறக்காவிட்டால் ஈசியூ பிளக்குக்கும் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்கும் உத்தரவு கொடுக்காது. உள்ளே இருக்கும் சுருள் சூட்டில் விட்டுப்போகும், ஆறினால் சேர்ந்துகொள்ளும். அடுத்த தடவை எடுக்காதபோது ஈசியூ சொல்வதைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டி, செல்ஃப் அடித்துக்கொண்டே ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இன்ஜின் எத்தனை சுற்று) பாருங்கள். இன்ஜின் சுற்றும்போது 200, 250 என்று ஏதாவது காட்ட வேண்டும். பூச்சியம் என்றால் சென்சார், இல்லையென்றால் அதன் வயர், சாக்கெட்.

ஆர்பிஎம் வருகிறது என்றால் பெட்ரோல் பம்ப் பக்கம் போகலாம். சாவியை "ஆன்" வரை மட்டும் திருப்பி, பின் சீட்டுக்கு அடியில் காது கொடுங்கள். இரண்டு விநாடி "ம்ம்ம்" என்று வந்து நிற்க வேண்டும். வராவிட்டால் ஃபியூஸைப் பாருங்கள், அப்புறம் பம்புக்குக் கரண்ட் விடும் ரிலேயை ஹார்ன் ரிலேயோடு மாற்றிப் போட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே எண், ஒரே மாதிரி முனைகள் என்று பார்த்துவிட்டு மட்டும். சாவி அடையாளம் மீட்டர் போர்டில் மின்னிக்கொண்டே இருந்தால் இம்மொபிலைசர் (சாவியை அடையாளம் தெரியாவிட்டால் வண்டியை எடுக்கவிடாத திருட்டுத் தடுப்பு), அப்போது அடுத்த சாவியைப் போட்டுப் பாருங்கள். எடுக்காத நேரத்தில்தான் இதையெல்லாம் செய்ய வேண்டும். நன்றாக ஓடும் வண்டியில் தேடினால் கண்ணுக்குப் படாது.

ஆவடி_வண்டி | ஞாயிறு, பகல் 12.52

நன்றி அண்ணா. ஸ்கேனர் ஒருவரிடம் இரவல் கேட்டிருக்கிறேன். கிடைத்ததும் தனிப் பதிவு தொடங்கி எழுதுகிறேன்.

வேகம்_98 | ஞாயிறு, பகல் 1.30

ஒரு சந்தேகம். எர்த் தான் கோளாறுன்னா பேட்டரி மாத்தினதும் ரெண்டு நாள், செல்ஃப் பண்ணதும் ஒரு வாரம் எப்படி நல்லா இருந்தது?

பழைய_ஸ்பேனர் | ஞாயிறு, பகல் 2.15

நல்ல கேள்வி தம்பி, இதில்தான் மெக்கானிக்கும் ஏமாறுகிறார், வண்டிக்காரரும் ஏமாறுகிறார். பேட்டரியை மாற்றும்போது என்ன செய்வோம்? நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, வளைத்து, ஓரமாக ஒதுக்கி, திரும்ப மாட்டுவோம். செல்ஃபைக் கழற்றும்போது கியர்பாக்ஸ் பக்கம் கையை விட்டு எல்லாவற்றையும் அசைப்போம். அசையும்போது உள்ளே அரித்துப்போன இழைகள் இரண்டு மூன்று புதிதாகத் தொட்டுக்கொள்ளும். இரண்டு நாள் ஓடும், ஒரு வாரம் ஓடும். திரும்பவும் அரிப்பு மூடிவிடும். மாற்றிய பாகத்தால் சரியானதா, கை பட்டதால் சரியானதா என்று பிரித்துப் பார்க்க அளவு ஒன்றுதான் வழி. அளக்காமல் மாற்றிக்கொண்டே போனால் கடைசியில் ஈசியூவில்தான் போய் நிற்கும். அதை மாற்றும்போதும் பேட்டரியைக் கழற்றுவார்கள். வண்டி ஒரு வாரம் நன்றாக ஓடும். அதைச் சொன்னவர் பொய் சொல்லவில்லை, அவரும் நம்பித்தான் சொல்கிறார். அதுதான் எனக்கு வருத்தம்.

முத்துநகர் | செவ்வாய், இரவு 8.30

தாமதத்துக்கு மன்னிக்கவும். திங்கள் ஜம்பர் வயரை வைத்தே போய் வந்துவிட்டோம். இன்று மதியம் லீவு போட்டு கேபிளைக் கழற்றினேன். நெகட்டிவ் முனையை முதலில் கழற்றிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினேன்.

பேட்டரியிலிருந்து ஒரே கேபிள் பாடியில் ஒரு போல்ட்டுக்குப் போய், அங்கிருந்து கியர்பாக்ஸுக்கு நீள்கிறது. வெளியே பார்த்தால் கருப்பு ரப்பர் உறை, எந்தக் குறையும் தெரியவில்லை. கியர்பாக்ஸ் முனையில் இருக்கும் லக் (போல்ட்டில் மாட்டும் உலோக வளையம்) மட்டும் கொஞ்சம் வெளுத்திருந்தது. பிளேடால் உறையைக் கீறினேன். உள்ளே செம்பே இல்லை அண்ணா. பச்சைப் பொடி. விரலால் நெருடினால் உப்பளத்து ஓரத்தில் காய்ந்து கிடக்கும் பாசி மாதிரி உதிர்ந்தது. எண்ணிப் பார்த்தேன், உயிரோடு ஒன்பது இழைதான் இருந்தது. அதையும் இழுத்தால் கையோடு வந்துவிட்டது. நம் ஊர் காற்று அப்படி. உப்பளத்துப் பக்கம்தான் பத்து வருடமாகத் தினமும் வேலைக்குப் போய் வருகிறேன், வண்டியும் என்னோடு அங்கேதான் நிற்கிறது.

புதுக் கேபிள் எப்படிப்பட்டது போடட்டும்?

பழைய_ஸ்பேனர் | செவ்வாய், இரவு 8.55

25 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள். வெல்டிங் கேபிள் கிடைத்தாலும் நல்லது, மெல்லிய இழையாக இருப்பதால் இன்ஜின் ஆடும்போது முறியாது. லக்கைச் சுத்தியலால் தட்டி நசுக்கிக் கொடுத்தால் வாங்காதீர்கள். லக்கைக் கேபிளோடு இறுக்கி அழுத்தும் ஹைட்ராலிக் கிரிம்ப் கருவி வைத்திருக்கும் கடையாகப் பார்த்து அழுத்தி வாங்குங்கள். லக்கின் கழுத்தில் உள்பக்கம் பசை இருக்கும், சூட்டில் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் உறையைப் போட்டுச் சூடு காட்டச் சொல்லுங்கள். உங்கள் ஊரில் அது கட்டாயம்.

பாடியில் போல்ட் உட்காரும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி வெள்ளி மாதிரி இரும்பு தெரிய வேண்டும். கியர்பாக்ஸ் பக்கமும் அப்படியே. மாட்டி நன்றாக முறுக்கிய பிறகு மேலே வாசலைனோ கிரீஸோ தடவுங்கள், காற்று புகாது.

கிளட்ச் கேபிளையும் இதோடு மாற்றிவிடுங்கள். உள்ளே வெந்தது திரும்பி வராது, எங்காவது டிராஃபிக்கில் அறுந்தால் அம்மாவை வைத்துக்கொண்டு நடுரோட்டில் நிற்க வேண்டிவரும்.

மீட்டர்_டீச்சர் | செவ்வாய், இரவு 9.10

மாட்டிய பிறகு அதே மூன்று அளவையும் திரும்ப எடுங்கள், மறக்காமல். அப்புறம் இன்ஜின் ஓடும்போது ஹெட்லைட், ஏசி ஃபேன் எல்லாம் போட்டு பேட்டரியில் எவ்வளவு வருகிறது என்றும் பாருங்கள். ஆல்டர்னேட்டரும் இன்ஜினில்தான் உட்கார்ந்திருக்கிறது, அதன் கரண்ட்டும் இதே எர்த் வழியாகத்தான் போய்வர வேண்டும். இத்தனை நாள் புது பேட்டரி முழுதாக சார்ஜ் ஆகியிருக்குமா என்பதும் எனக்குச் சந்தேகம்.

முத்துநகர் | புதன், இரவு 9.40

எல்லாம் மாட்டியாயிற்று. கேபிள், லக், கிரிம்ப் கூலி எல்லாம் சேர்த்து 740 ரூபாய். கிளட்ச் கேபிள் தனியாக 650. கழற்றிய கிளட்ச் கேபிளின் உறையை வெட்டிப் பார்த்தோம், உள்ளே வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பாகி கம்பியோடு ஒட்டிக் கிடந்தது. இப்போது கிளட்சை மிதித்தால் பழைய செருப்பைப் போட்டுக்கொண்டது போல இலகுவாக இருக்கிறது.

அளவுகள்: பாசிட்டிவ் பக்கம் 0.3. எர்த் பக்கம் 0.1. இன்ஜின் ஓடும்போது ஹெட்லைட், ஃபேன் போட்டு 14.1 வருகிறது. மாற்றுவதற்கு முன் ஞாயிறு அன்றே இதை எடுத்து வைத்திருந்தேன், அப்போது 13.2தான்.

ஒன்று மட்டும் பயமாக இருக்கிறது. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி முன்பு 11.4 காட்டியது. இப்போது 10.6-க்கு இறங்குகிறது. வண்டி நன்றாகத்தான் எடுக்கிறது, ஆனால் அளவு குறைந்திருக்கிறதே? பேட்டரி கெட்டுவிட்டதா?

மீட்டர்_டீச்சர் | புதன், இரவு 9.52

இல்லை, பயப்படாதீர்கள். முன்பு வழியில் தடை இருந்தது, மோட்டாரால் வேண்டிய கரண்ட்டை இழுக்க முடியவில்லை. பேட்டரிக்கு வேலையே இல்லை, அதனால் 11.4-இல் நிமிர்ந்து நின்றது. இப்போது மோட்டார் முழுக் கரண்ட்டை இழுக்கிறது, பேட்டரி உழைக்கிறது, அதனால் இறங்குகிறது. கணக்கைத் திரும்பப் போடுங்கள்: 10.6-இல் 0.4 போனால் மோட்டாருக்கு 10.2. முன்பு கிடைத்தது 6.5.

பழைய_ஸ்பேனர் | புதன், இரவு 10.03

10-க்கு மேல் நின்றால் எனக்குத் திருப்தி. 9.6-க்குக் கீழே இறங்கும் நாள் வந்தால் எழுதுங்கள், அப்போது பேட்டரியைப் பார்ப்போம். அம்மாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

முத்துநகர் | வியாழன், காலை 5.34

அண்ணா, டீச்சர், நெல்லை அண்ணாச்சி, றொரன்ரோ அண்ணன், எல்லோருக்கும். வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது, அம்மா ஏறி உட்கார்ந்துவிட்டார். பக்கத்து வீட்டுப் பையன்கள் வழக்கம்போல எழுந்து வாசலுக்கு வந்துவிட்டார்கள், போய்த் தூங்குங்கள் என்று சொல்லியனுப்பினேன். கிளம்புகிறோம்.